பத்துக்கு ஆறு

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் எலியக்கா. பதினொரு வருடமாகச் சுண்டெலிகளுக்கு மருந்து புகட்டுகிறாள். முனை மழுங்கி வளைந்த ஊசியை வாய்வழியே வயிறுவரை இறக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் தொண்டை கிழிந்து, அந்த இடத்திலேயே மூக்கில் நுரை தள்ளிவிடும். அவள் கையில் அப்படிச் செத்தவை மொத்தமே இரண்டு. இரண்டு நாளும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த முறை புது மருந்து. எதற்கும் அடங்காத கிருமியைப் பத்து எலிகளின் தொடையில் ஏற்றிச் சோதித்தார்கள். ஆறு பிழைத்தன. நான்கு, மருந்து கொடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, உடம்பு சில்லிட்டுச் செத்தன.

ஆராய்ச்சி செய்யும் தம்பி பதிவேட்டை நீட்டினான். "வழக்கமான கையெழுத்துதான்க்கா. உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுல்ல?"

படிக்காமல் போட்டாள். அவன் எலியைத் தொடவே பயந்த நாளில் அவனுக்காகக் கடி வாங்கியவள் ஆயிற்றே.

மறுநாள் கூண்டு கழுவுகிறவள் கேட்டாள்: "ஏன்டி, ஒரே நாள்ல நாலு தொண்டையைக் கிழிச்சியாமே! கை நடுங்குதா, கண்ணு தெரியலையா?"

ஓடிப்போய்ப் பதிவேட்டைப் பார்த்தாள். 'புகட்டும்போது தொண்டை கிழிந்து இறந்தவை நான்கு. கணக்கில் சேர்க்கப்படவில்லை.' கீழே அவள் கையெழுத்து. பத்துக்கு ஆறு பிழைத்த மருந்து, இப்போது ஆறுக்கு ஆறு.

"அறுத்துப் பாரு தம்பி. தொண்டை முழுசா இருக்கும்."

"காலைலயே எரிக்க அனுப்பிட்டேன்க்கா."

அவள் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினாள்.

"மூணு வருஷ உழைப்புக்கா. உங்களுக்கு ஒரு வரிதானே? உங்கள யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்கன்னுதான் என்னைப் பிடிச்சியா? நம்ப வச்சுக் கழுத்தறுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ என் கையாலயே அறுத்துட்ட."

அவன் மேசைப் பக்கம் திரும்பினான். மேசைமேல் அடுத்த பத்து எலிகள் காத்திருந்தன. "இன்னைக்கு மட்டும் குடுத்துடுங்கக்கா. உங்க கை மாதிரி வராது."

அவள் பேனாவை எடுத்துத் தன் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்: 'படிக்காமல் போட்டேன். நான்கும் மருந்து கொடுத்த மறுநாள் காலையில் செத்தன.' தேதியும் நேரமும் போட்டாள். எழுதியதை அழிக்க அங்கே யாருக்கும் அனுமதியில்லை.

பிறகு கையுறை மாட்டினாள். எலிகள் என்ன பாவம் செய்தன? பத்துக்கும் புகட்டி முடித்தாள். ஒன்றுகூட இருமவில்லை.

"அக்கா..." என்றான்.

"பேரு சொல்லியே கூப்பிடுங்க, சார்."