பென்சிலில் எழுதிய சண்டைகள்

கைபேசியில் 'ஆச்சி' என்ற பெயரைப் பார்த்ததுமே பொய் சொல்லத் தயாராகிவிட்டேன். பள்ளி அலுவலக வேலைக்காகத் தேவகோட்டை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த காலை அது. எதிர்முனை வாயைத் திறப்பதற்குள், "எழுதிட்டேன் ஆச்சி, ரெண்டு பக்கம்தான் பாக்கி, சனிக்கிழமை கொண்டாந்துர்றேன்" என்று மூச்சு விடாமல் சொன்னேன். உண்மையில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆச்சிக்குப் பதிலாக அவருடைய கணவரின் குரல்தான் கேட்டது. "நான் பேசுறேம்மா. விசாலம் போயிட்டா. விடியக்காலைல மார்வலின்னா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு." அரியக்குடியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறிக் காரைக்குடிக்குத் திரும்பினேன். வழியெல்லாம் அந்தப் பொய்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

நம் இணையதளத்தில் தொடர்கதை படிக்கிற உங்களுக்கு அவர் 'இசைமலர்'. வேலைக்குப் போகும் அம்மா, வீட்டில் இருக்கும் அப்பா, கைபேசியைக் கீழே வைக்காத பிள்ளைகள், எதற்கும் ஒரு கருத்து வைத்திருக்கும் மாமியார் என்று நம் வீடுகளில் இருப்பவர்களையே கதைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தவர். எங்கள் ஊரில் அவர் விசாலாட்சி ஆச்சி. இங்கே செட்டியார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அவ்வளவுதான். இருவரும் ஒரே தளத்தில் எழுதுகிறோம், ஒரே ஊரில் இருக்கிறோம் என்பது தெரியவே எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. தெரிந்த நாளிலிருந்து என் சனிக்கிழமைகள் எல்லாம் அவர் வீட்டில்தான் கழிந்தன.

அவர் கதைகளில் சாப்பிடாமல் யாரும் சண்டை போட மாட்டார்கள். இதை நீங்கள் எத்தனை முறை பின்னூட்டத்தில் கிண்டல் செய்திருக்கிறீர்கள்! விவாகரத்துக் கேட்டு வந்த மருமகள்கூட முதலில் நாலு வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் பேச்சை எடுப்பாள். நானும் கேட்டிருக்கிறேன், "ஏன் ஆச்சி, கோவமா வந்தவ எப்படி உக்காந்து சாப்பிடுவா?" என்று. "பசியில வர்ற கோவத்தை எல்லாம் கதையில சேக்கக் கூடாது செல்வி. அது சாப்பிட்டாப் போயிரும். சாப்பிட்ட பிறகும் நிக்கிற கோவம்தான் கதைக்கு ஆகும்" என்றார். சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு பணியாரத்தை வைத்தார்.

நாங்கள் கூட்டாக வேலை செய்தோம் என்பது உங்களில் யாருக்கும் தெரியாது. இப்போது சொல்லிவிடுகிறேன். என்னுடைய கதை ஒன்றில் அம்மாவும் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் மோதும் அத்தியாயத்தை அவரிடம் காட்டினேன். அம்மா இரண்டு பக்கம் பேசினாள், மகள் அழுதாள். படித்து முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உன் கதைல இந்தப் பிள்ளைக்கு வாயே இல்லையே. அழுகுறதுக்குக் கண்ணை மட்டும் குடுத்திருக்க." எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் நான் என் மகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது, நியாயம் முழுக்க என் பக்கம்தான் என்ற உறுதியோடு இருந்தேன். "அப்ப நீங்களே எழுதுங்க" என்று வெடுக்கென்று சொன்னேன். "குடு" என்று வாங்கிக்கொண்டார்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் ஏற்பாடு. கதை அவரவருடையது, சண்டை மட்டும் இருவருடையது. கதைக்காரி தன் மனம் சாய்கிற ஆளின் பேச்சை மட்டும் நீள நோட்டில் எழுதுவாள். ஒவ்வொரு பேச்சுக்கும் கீழே இரண்டு வரி காலியாக விட வேண்டும். எதிராளியின் பதிலை மற்றவள் பென்சிலில் நிரப்புவாள். "எங்க வீடுகள்ல மகனுக்குக் கல்யாணம் ஆனா அதே வீட்டுக்குள்ள அடுப்பை வேறயா வச்சுக் குடுத்துருவாக. சண்டையும் அப்படித்தான். ஒரே கை ரெண்டு அடுப்புலயும் சமைச்சா ருசி ஒண்ணாத்தான் இருக்கும்" என்பார்.

என் கதையின் மகளுக்கு அவர் எழுதிய பதில்களில் ஒன்று, "என் போனை எடுத்துப் பாக்கிறீகளே, என்னை என்னைக்காவது பாத்தீகளா?" என்பது. அந்த அத்தியாயம் வெளியானதும் நீங்கள் இரண்டு நாள் ஓயாமல் எழுதினீர்கள். என் வீட்டில் நடந்தது வேறு. அதுவரை நான் எழுதியதில் ஒரு வரியும் படித்திராத என் மகள் யாழினி, அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. பக்கத்து அறையில்தான் இருந்தாள். எழுந்து போய் அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். "இதை நீ எழுதலைல?" என்றாள். "இல்ல" என்றேன். "தெரியும்" என்றாள். அன்றைக்கு நாங்கள் பேச ஆரம்பித்தோம். ஆச்சி எனக்குச் செய்த நன்மைகளில் இதற்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை.

என் மகளை எனக்குத் திருப்பித் தந்தவரின் சொந்த மகன் முத்து, அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. இனி சொல்லப்போவதை முத்துவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஆச்சியின் ஹாஸ்டல் கதை உங்களுக்கு நினைவிருக்கும். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கதை. பத்து வயதுப் பையனை மலையூர் ஒன்றில் ஹாஸ்டலில் சேர்க்கிறார்கள். அவன், "அம்மா, பெட்டி கட்டி வைத்துவிட்டேன், எப்போது வருவீர்கள்?" என்று கடிதம் போடுகிறான். மூன்றாம் நாளே அந்த அம்மா பஸ் ஏறிப் போய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். படித்த எல்லோரும் அழுதோம். அந்தக் கடிதங்கள் சின்ன வயதில் முத்து ஹாஸ்டலிலிருந்து எழுதியவை. ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே எடுத்துக் கதையில் வைத்திருந்தார். அவனிடம் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்த முத்துவுக்கு அவன் மனைவி அந்தக் கதையைப் படித்துக் காட்டியிருக்கிறாள், மாமியார் எழுதியதாயிற்றே என்ற பெருமையில். பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்து அம்மா முன்னால் நின்றான். அடுத்த சனிக்கிழமை அவன் சொன்னதை ஆச்சி என்னிடம் அப்படியே சொன்னார். "'கதையில அந்த அம்மா மூணாம் நாளே வந்துட்டாக. நீங்க வரலையேம்மா. மூணு மாசம் பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்குக் கீழ வச்சிருந்தேன்'னான் செல்வி. வார்டன் வர வேண்டாம்னு சொன்னாக, பிள்ளை பழகிக்கிரட்டும்னாக, நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். ஆனா கதையில மட்டும் போயிட்டு வந்துட்டேன் பாரு." அதற்குப் பிறகு முத்து பண்டிகை நாட்களில் கூப்பிடுவான். சாப்பிட்டீர்களா என்று கேட்பான், வைத்துவிடுவான்.

அவருடைய கடைசித் தொடர் இதிலிருந்து பிறந்ததுதான். அம்மாவும் வளர்ந்த மகனும் நேருக்கு நேர் பேசும் அத்தியாயம் வந்தபோது வழக்கம்போல அம்மா பக்கத்தை எழுதி நோட்டை என்னிடம் தந்தார். அம்மா நிறையப் பேசியிருந்தாள். காரணங்கள், வார்டன், ஊர் வழக்கம் எல்லாம் இருந்தன. நான் மகன் பக்கத்தை நிரப்பினேன். எப்படி நிரப்பினேன் தெரியுமா? "விடுங்கம்மா, நீங்களும் பாவம், உங்க நெலம எனக்குப் புரியுது." அவர் மனம் ஆறட்டும் என்று நினைத்தேன்.

படித்தார். எழுந்து போய் மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து வந்தார். நான் எழுதியதை வரிவரியாக அழித்தார். தூளை ஊதிவிட்டுச் சொன்னார்: "நீ எனக்காக எழுதியிருக்க. அவனுக்காக எழுது." ஒரு வாரம் நோட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை கொடுக்கும்போது, "என் பக்கத்தையும் மாத்தியிருக்கேன், பாரு" என்றார். அந்த ரப்பரையும் நோட்டுக்குள் வைத்துத் தந்தார்.

நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் என் பைக்குள் கிடந்தது. பள்ளியில் வேலை, காய்ச்சல், விருந்தாளி என்று வாரத்துக்கொரு காரணம் சொன்னேன். உண்மை என்னவென்றால், எனக்குப் பயமாக இருந்தது. அந்த மகனின் கோபத்தை என் கையால் அவருக்கு எழுதிக் காட்ட முடியவில்லை. அவரை நான் அவ்வளவு நேசித்தேன். அந்த நேசத்தினாலேயே அவர் கேட்ட ஒன்றைக் கொடுக்காமல் இருந்துவிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்த பிறகு முத்து என்னிடம் வந்தான். "அக்கா, அப்பச்சி போன் பண்ணப்ப ஏதோ ரெண்டு பக்கம் பாக்கின்னு சொன்னீகளாம். அது என்ன?" அப்பச்சி என்றால் இங்கே அப்பா. நான் சொன்ன பொய்யை அவர் மறக்கவில்லை. மழுப்பத்தான் முதலில் நினைத்தேன். பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஏற்பாட்டைச் சொன்னேன். காலியாக இருக்கும் வரிகள் அவனுடையவை என்றும், அவற்றை என்னால் எழுத முடியவில்லை என்றும் சொன்னேன். அவனோடு சேர்ந்து அந்தப் பக்கங்களை நானும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஆச்சி எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தார். வார்டன் இல்லை, ஊர் வழக்கம் இல்லை, ஒரு காரணமும் இல்லை. "வாப்பா. உக்காரு. சாப்பிட்டியா?" என்று ஆரம்பம். பிறகு வழக்கமான இரண்டு வரி இடம் இல்லை, அரைப் பக்கம் காலி. "ம்." மறுபடி அரைப் பக்கம் காலி. "சொல்லுப்பா, கேக்குறேன்." அதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் வெறும் கோடுகள். பேனாவைக் கீழே வைக்காமல் சண்டை எழுதுகிற மனுஷி, இந்தச் சண்டையில் கிட்டத்தட்ட ஒன்றுமே பேசவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் அம்மாவின் பேச்சு இருந்தது.

"பெட்டியைக் கட்டி வச்சுரு. அம்மா கிளம்பிட்டேன். பஸ் ஏறிட்டேன்."

முத்து அதைப் படித்தான். திரும்பவும் படித்தான். முப்பத்தொரு வயது ஆள், நோட்டை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வெகுநேரம் கழித்து, "பென்சில் இருக்காக்கா?" என்று கேட்டான். கொடுத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுதிக்கொண்டிருந்தான். என்ன எழுதினான் என்று நான் பார்க்கவில்லை. நோட்டு இப்போது பெங்களூரில் அவனிடம் இருக்கிறது. "பெட்டி வரைக்கும் எழுதிக்கங்க அக்கா. நான் எழுதினது வேணாம்" என்றான். ஆகவே, கடைசி அத்தியாயம் எப்போது என்று தினமும் கேட்கும் தோழிகளே, அது வராது. அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். நமக்காக அந்தப் பிள்ளையின் கடிதங்களை ஒருமுறை எடுத்துக் கொடுத்தது போதும்.

சனிக்கிழமை வந்தால் கால் தானாக அந்தத் தெருவுக்குத் திரும்புகிறது. போன வாரம் பாதி தூரம் போய்விட்டேன். முத்து அப்பாவைப் பெங்களூருக்குக் கூட்டிப்போன பிறகு பூட்டியிருக்கும் கதவு நினைவு வந்து திரும்பினேன். ஒரு நல்ல வரி எழுதினால் உடனே காட்ட வேண்டும் என்று மனம் தவிக்கிறது. மோசமான வரிக்கு அதைவிட அதிகமாகத் தவிக்கிறது. யாழினிதான் இப்போது சொல்கிறாள், "ஆச்சி இருந்தா இதை விட மாட்டாக" என்று.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது நோட்டுக்குள் இருந்த அந்த ரப்பர்தான். ஒரு பக்கம் தேய்ந்து கறுத்திருக்கிறது. இந்த நினைவுக் குறிப்பைப் பென்சிலில் மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் ஆச்சி ஒரு தப்பும் செய்யாத அம்மாவாக இருந்தார், நான் அவருக்கு நல்ல தோழியாக இருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் அவர் ரப்பராலேயே அழித்தேன்.