ஒளித்து வைத்த மடிப்பு

நான்காம் வகுப்பில் என் கையைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒருத்தியை நியமித்தார்கள். அவள் பெயர் ரியா. பள்ளி ஆண்டு விழாவில் நான் மேடையேறும்போது விழுந்துவிடாமல் இருக்க டான்ஸ் மிஸ் செய்த ஏற்பாடு அது. அந்தச் சில வாரங்களைப் போல நான் பிறகு எந்தப் பதவியிலும் சந்தோஷமாக இருந்ததில்லை.

அந்த வருடம் கோடை விடுமுறை முடிந்துதான் அம்மாவும் நானும் பாளையங்கோட்டையிலிருந்து துபாய்க்குப் பக்கத்திலுள்ள அஜ்மானுக்கு வந்து சேர்ந்திருந்தோம். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் கே.ஜி.யிலிருந்தே ஒன்றாகப் படித்தவர்கள். யார் யாருடன் உட்கார்வது, யார் யாருடன் டூ விடுவது என்பதெல்லாம் நான் வருவதற்கு முன்பே தீர்மானமாகியிருந்தது. அவர்கள் பேசிய ஆங்கிலம் மழை மாதிரி கொட்டியது. என் ஆங்கிலமோ பரீட்சைக்கு மட்டும் வெளியே வரும். ஷார்ஜாவில் இருந்த பள்ளிக்குப் போகவர ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தது என் புத்தகப் பை ஒன்றுதான்.

வீட்டிலும் பெரிய கூட்டம் இல்லை. அப்பாவுக்கு ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் டியூட்டி. நான் எழுந்திருக்கும் முன் கிளம்பிவிடுவார், தூங்கும் நேரத்துக்குத் திரும்புவார். அம்மா மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் இருந்தாள். அவளுக்கு இந்தியும் வராது, அரபியும் வராது. கீழே குரோசரிக்கு போன் செய்தால் சாமான் மேலே வந்துவிடும். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை அப்பாவுடன் வெளியே போவாள். ஊரில் மொபெட்டில் தெருத்தெருவாகச் சுற்றி, ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். இங்கே ஜன்னல் வழியாக கார் பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாக்கள் வீட்டில்தான் இருப்பார்கள், அதில் என்ன என்று நினைத்திருந்தேன்.

ஆண்டு விழாவுக்கு மலையாளியான எங்கள் டான்ஸ் மிஸ் எடுத்துக்கொண்டது பாலேயும் பாரிஸ் பெண்களின் உடையும். நூறு வருடத்துக்கு முன்னால் ரஷ்யாவிலிருந்து ஒரு நடனக் குழு பாரிஸுக்குப் போய் ஆடியதாம். கீழ்த்திசை நாடுகளைக் கற்பனை செய்து, தொளதொள கால்சட்டை, கண்ணைப் பறிக்கும் வண்ணம், முத்துச்சரம் என்று உடுத்தியிருந்தார்களாம். அதைப் பார்த்த சீமாட்டிகள் மூச்சு முட்ட இறுக்கிக் கட்டியிருந்த கச்சையை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, தலைப்பாகையும் விளக்குக் கூடு போல விரிந்த மேலங்கியும் அணியத் தொடங்கினார்களாம். மிஸ் காட்டிய படத்தில் இருந்த அந்தக் கால்சட்டை, எங்கள் கட்டிடத்துக்குக் கீழே ரொட்டி சுடும் பட்டாணிய பாய் தினமும் போட்டிருந்ததுதான். அவரைப் பார்த்து யாரும் எதையும் கழற்றி எறிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பாலே ஆட ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ரியா அதில் ஒருத்தி. எனக்கு ஆட வராது என்பதால் சீமாட்டி வேடம் கிடைத்தது. ஆட வேண்டாம், பேச வேண்டாம், மூன்று படி ஏறி நடு மேடையில் போய் நின்றால் போதும். ஆனால் அந்தச் சீமாட்டியின் பாவாடையில் ஒரு வில்லங்கம் இருந்தது. மேலே இறுக்கத்தைத் தளர்த்திய அதே பாரிஸ் தையல்காரர்கள் கீழே கணுக்காலில் கொண்டுபோய் இறுக்கிவிட்டார்கள். ஹாபிள் ஸ்கர்ட் என்று பெயர். அதைப் போட்டுக்கொண்டு நான்கு அங்குலத்துக்கு மேல் காலை எடுத்து வைக்க முடியாது. படியேற ஒரு கை வேண்டும். அதற்குத்தான் ரியா.

ஒத்திகையில் மிஸ் என் முழங்காலைச் சுற்றி ஒரு துப்பட்டாவைக் கட்டிவிடுவார். ரியா வந்து கையைப் பிடிப்பாள். சூடான, கொஞ்சம் பிசுபிசுப்பான கை. முதல் நாள் அவள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் கால் வலிக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இரண்டாவது வாரம் ஆடிக்கொண்டிருந்த தன் கடைவாய்ப் பல்லைக் காட்டினாள். கீழேயிருந்து நடு மேடைக்கு எனக்குச் சரியாக முப்பது காலடி. நான் அதை நாற்பதாக்கினேன், பிறகு ஐம்பதாக்கினேன். மிஸ் “பாவம், குட்டிக்கு ரொம்ப கஷ்டம்” என்று இரக்கப்பட்டார். துப்பட்டாவை அவிழ்த்ததும் ரியா தன் கூட்டத்தோடு ஓடிவிடுவாள். அப்புறம் மறுநாள் ஒத்திகைவரை என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ள மாட்டாள். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் மறுநாள் ஒத்திகை இருந்ததே.

உடையை வீட்டில் தைத்துக்கொள்ளச் சொல்லிப் படத்தை நகலெடுத்துக் கொடுத்தார்கள். அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இது என்னட்டி, பால் கறக்க மாட்டுக்குக் காலக் கட்டுன மாதிரில்லா இருக்கு? இவ அவசரத்துக்கு எப்படி ஓடுவா?”

வெள்ளிக்கிழமை அப்பாவுடன் போய் நீல சாட்டின் வாங்கி வந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்து மூடியே கிடந்த தையல் மெஷினின் சத்தம் நான்கு நாட்கள் அந்த வீட்டில் கேட்டது. மேலங்கியின் விளிம்பு விரிந்து நிற்க மெல்லிய கம்பி, தலைப்பாகைக்கு ஒரு பழைய பட்டுத் துண்டு. நான் பள்ளியிலிருந்து வரும்போது அம்மா வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு என்னமோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பாள். அவளை அப்படிப் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

விழா அன்று மதியம் எனக்கு அதைப் போட்டுவிட்டு, “நடந்து பாரு” என்றாள். நான் பழக்கதோஷத்தில் நான்கு அங்குலம் வைத்தேன்.

“நல்லா வீசி நடட்டி.”

வீசி நடந்தேன். கால் போன இடமெல்லாம் பாவாடையும் வந்தது. அம்மா கைதட்டிச் சிரித்தாள். மேலங்கிக்கு அடியில், இடது பக்கத் தையலில், ஒரு சாண் அகலத்துக்கு மடிப்பு ஒன்றை ஒளித்து வைத்திருந்தாள். நின்றால் மூடிக்கொள்ளும், நடந்தால் விரியும். அந்தக் காலத்துப் பாரிஸ் தையல்காரர்களும் இதே வேலையைக் கள்ளத்தனமாகச் செய்தார்கள் என்று பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். அம்மாவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

“இனி யாரு கையும் வேண்டாம் ஒனக்கு. நீயா ஏறலாம், நீயா எறங்கலாம்” என்றாள்.

அவள் முகத்தில் அவ்வளவு பூரிப்பு. இனி ரியா வரமாட்டாளே என்று எனக்குப் பயம் வந்தது.

பயந்தது போலவே நடந்தது. மேடைக்குப் பின்னால் மிஸ் என் நடையைப் பார்த்து அசந்துபோனார். “அம்மா தைச்சதா? கொள்ளாமே! இனி ரியா வேண்டாம், மோள் தனியா நடக்கும்” என்றார். ரியா என் கையைப் பிடிக்கவே இல்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, முத்துச்சரம் குலுங்க மற்ற ஐந்து பேரிடம் ஓடினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உடை மாற்றும் அறையில் ஒரு டப்பா நிறைய ஊக்குகள் இருந்தன. நான்கை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய், பாவாடையைத் தூக்கி, அம்மாவின் மடிப்பை உள்பக்கமாக மேலிருந்து கீழ்வரை குத்தி மூடினேன். நடக்க முடியவில்லை என்றால் ரியாவை அனுப்பித்தானே ஆக வேண்டும்? கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் நான்கு அங்குலமாகத் தத்தித் தத்தி வெளியே வருவதற்குள் பாலே முடிந்து, மைக்கில் என் வேடத்தை அறிவித்துவிட்டார்கள். மிஸ் மேடையின் அந்தக் கோடியில் இருந்தார். பின்னால் நின்ற பெரிய வகுப்பு அக்கா ஒருத்தி “கோ, கோ” என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

மூன்றாவது படியில் விழுந்தேன். கம்பி வைத்த மேலங்கி குடை போலத் தலைக்கு மேல் கவிழ்ந்தது. தலைப்பாகை உருண்டு ரியாவின் காலடியில் போய் நின்றது. அரங்கம் முழுவதும் சிரித்தது. அரை நாள் லீவு போட்டு வந்திருந்த அப்பாவும், அவர் பக்கத்தில் அம்மாவும் நான்காவது வரிசையில் இருந்தார்கள். அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பாவாடையை உள்பக்கம் திருப்பினாள். நான்கு ஊக்குகளும் அப்படியே இருந்தன.

“யாருட்டி குத்துனா?”

“மிஸ்” என்றேன். அந்த ஒரு வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. “பாவாடை இறுக்கமா இருக்கணும்னாங்க.”

“விடு, பிள்ளைங்க புரோகிராம்தானே” என்றார் அப்பா.

“விழுந்தது எம் பிள்ளல்லா” என்றாள் அம்மா. அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது என்று அப்பாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

சனிக்கிழமை மூன்றாவது பீரியடில் வகுப்பு வாசலில் டான்ஸ் மிஸ் வந்து என்னைக் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் அம்மா நின்றாள். வெள்ளிக்கிழமை மட்டும் உடுத்தும் சேலை. கையில் ஆண்டு விழா அழைப்பிதழ் கசங்கியிருந்தது. அதில் இருந்த முகவரியை டாக்ஸிக்காரரிடம் காட்டி அஜ்மானிலிருந்து வந்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது. பிள்ளை விழுந்ததற்கு நியாயம் கேட்க வந்திருக்கிறாள், அதுவும் நான் சொன்ன பொய்யை நம்பி.

“நான் ஊக்கு குத்தலை, சேச்சி. மோளோடயே கேளுங்க” என்றார் மிஸ்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அழுகை முந்திக்கொண்டு வந்தது.

“நானேதாம்மா குத்துனேன். நடக்க முடிஞ்சா ரியா கையப் பிடிக்க மாட்டால்லா.”

அம்மா திட்டவில்லை. என் அழுகை நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று மட்டும் கேட்டாள். அவள் குரல் எனக்குப் பழக்கமில்லாத மாதிரி மெலிந்திருந்தது.

பள்ளிக்கு வெளியே ஆறு வழிச் சாலை. டாக்ஸி பிடிக்க எதிர்ப்பக்கம் போக வேண்டும். வண்டிகள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. அம்மா இரண்டு முறை காலை எடுத்து வைத்து, இரண்டு முறையும் பின்வாங்கினாள். அப்புறம் என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை வேர்வையில் நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. விரல்கள் நசுங்கிவிடும் போல அப்படி ஒரு பிடி.

டாக்ஸியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் அவள் கையை விடவில்லை, நடுக்கமும் நிற்கவில்லை. அது பயம் என்பதும், வரும்போது வழி நெடுகப் பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒரு கை இல்லாமல் இருந்தது என்பதும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு என் மேல் இவ்வளவு கோபமா என்று பயந்துபோய், அவள் பிடியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டேன்.