சத்தம் அடங்கிய வண்டி

இன்று வேலையாகத் திண்டிவனம் போனவன், அப்படியே காருக்கு ஆயில் மாற்றிவிடலாம் என்று ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தினேன். சமீபத்தில் புரோக்கர் மூலம் வாங்கிய பழைய சின்ன கார். ஸ்டார்ட் செய்தாலே டக டகவென்று ஒரு சத்தம்.

“ரொம்ப ஓடின வண்டிங்க. கொஞ்சம் திக்கான ஆயிலா ஊத்தினா சத்தம் அடங்கிடும்” என்றார் மெக்கானிக்.

எஞ்சின் சூடாகட்டும் என்று ஓடவிட்டிருந்தோம். எதிர்த் தையல் கடையிலிருந்து ஒரு அம்மா வேகமாக வந்தார். ஸ்டியரிங்கில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“எங்க வீட்டுக்காரர் வண்டிங்க இது. தை மாசம் தவறிட்டாரு. தச்சிக்கினு இருந்தேன், சத்தம் கேட்டதும் அவருதான்னு எழுந்து வந்துட்டேன்.”

எஞ்சினை நிறுத்தப் போனேன்.

“கொஞ்ச நேரம் ஓடட்டுங்க” என்று பானெட்டில் கை வைத்தபடி நின்றார். பிறகு அவரே போதும் என்று தலையசைத்தார்.

கறுத்துப்போன ஆயில் வடிந்து, புது ஆயில் ஊற்றும்வரை அவர் போகவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை.

“நல்லா இருக்குதுங்க. அவரும் ஆயில் மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கினே இருந்தாரு.”

திரும்பிப் பார்க்காமல் சாலையைக் கடந்து போய்விட்டார்.

விழுப்புரம் வரும்வரை நான் பாட்டுப் போடவில்லை. காது அந்தச் சத்தத்தையே தேடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி திடுக்கிட்டாள்.

“எப்ப வந்தீங்க? வண்டி சத்தமே கேக்கலையே!”

அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?