மடியில் உப்பேரி

எனக்குப் பதினேழு வயது, தம்பிக்குப் பதினான்கு. அந்த வயதிலும் அம்மா அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று அவன் சாப்பிடாமல் கிடப்பான். அவள் கெஞ்சிக்கொண்டு நிற்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் கஞ்சியைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். வயிறு எரியும் எனக்கு.

அறுப்பு முடிந்த சமயம், அடுத்த வீட்டு வைக்கோல் படப்புக்கு அவன் தீ வைத்துவிட்டான். உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்களாம். போலீஸ் எங்கள் ஊர் பூதப்பாண்டிக்கு வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போனது. அவனைச் சோதித்த டாக்டர் அப்பாவிடம், "இது சீக்கு. வீட்டுக்காரங்க கோர்ட்டுல உள்ளதச் சொன்னா திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு அனுப்புவாங்க. இல்லைன்னா சின்னப் பயக்க ஜெயிலுதான்" என்றார்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தக்கலையிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்திருந்த நேரம் அது. "போக்கிரின்னு பேரு வந்தா நாலு வருசத்துல மறந்து போகும். கிறுக்கன் வீடுன்னு வந்தா இவள எவன் கெட்டுவான்?" என்றார். அம்மா அழுதாள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். அந்த வீட்டில் முதல்தடவையாக எனக்காக ஒரு பேச்சு!

அவன் தீ வைத்ததைக் கண்டவள் நான்தான். அதனால் கோர்ட்டில் என்னைக் கேட்டார்கள், அவன் முன்பே ஒரு மாதிரியா என்று.

"இல்ல, நல்லாத்தான் இருந்தான். எல்லாம் சேட்டை" என்றேன்.

யாரும் கேட்காமலே அம்மா எழுந்துவிட்டாள். "பொய்யி சொல்லுகா அய்யா! ரெண்டு வருசமா எம்பிள்ளைக்குச் சொகமில்ல."

போலீஸ்காரர் பக்கத்தில் நின்ற தம்பி கத்தினான். "எங்க அக்கா பொய்யி சொல்ல மாட்டா!"

சவத்துப் பய. அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அம்மா சொன்னதுதான் நெசம் அய்யா" என்றேன்.

அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உத்தரவானது. ஊருக்குத் திரும்பும்போது அப்பா மட்டும் பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். தக்கலைக்காரர்கள் இனி வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அம்மா மடியில் நேந்திரங்காய் உப்பேரிப் பொதி இருந்தது. அவனுக்கென்று வறுத்தது, கொடுக்கப் போலீஸ்காரர் விடவில்லை. எனக்கு ஒரு துண்டாவது நீட்டுவாள், நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் முடிச்சை இன்னும் இறுக்கினாள். "அவனப் பாக்கப் போகும்போ கொண்டு குடுக்கணும்" என்றாள்.

அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.