டபேதார் முதுகில் பாடும் பெட்டி

ஆதிமூலத்தின் உத்தியோகம் நடப்பது. வேறொன்றும் இல்லை. கலெக்டர் அறையை விட்டுக் கிளம்பினால் அவருக்கு முன்னால் இவர் நடக்க வேண்டும். வெள்ளை உடுப்பு, தோளுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, நடுவில் பித்தளை வில்லை. மனுவோடு வராந்தாவில் காத்துக்கிடக்கும் சனங்களைக் கையாலும் கண்ணாலும் ஓரங்கட்ட வேண்டும். இதற்குப் பேர் டபேதார். வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது விட்டுவிட்டுப் போன சாமான்களில் இதுவும் ஒன்று. நாம்தான் தூசி தட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. டபேதார் திரும்பிப் பார்க்கக் கூடாது. அடிக்கடி திரும்பினால் அது மாடு ஓட்டுகிறவன் நடை. பின்னால் வரும் பூட்ஸ் சத்தத்தைக் காதால் பிடித்துத் தன் நடையைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஆதிமூலம் இதில் மகா கெட்டிக்காரர். எத்தனையோ கலெக்டர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். ஒருவரையும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. சிலருடைய முகமே அவருக்கு நினைவில்லை. நடை மட்டும் நினைவிருக்கிறது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, வேங்கிக்கால் வீட்டிலிருந்து பால் வாங்கக் கிளம்பினார். பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பால்காரர் வரைக்கும் போனவர், பால் வாங்காமலே வீடு திரும்பினார்.

மகள் கவிநிலாவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவள்தான் ஒரு கையடக்க ஸ்பீக்கரை வாங்கி வந்து அப்பாவிடம் கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிரிவலம் போனார். பழைய பக்திப் பாட்டு, முழு சத்தம். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. ரைஸ்மில் கணக்குப்பிள்ளை கண்ணாயிரம் வந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம், அங்கன்வாடியிலிருந்து ஓய்வு பெற்ற தங்கம்மாள் சேர்ந்துகொண்டார். அதற்கடுத்த வாரம் அவருடைய நாத்தனாரும் நாத்தனார் வீட்டுக்காரரும் வந்தார்கள். பாட்டு வைத்திருப்பவர் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்று யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. தானாக அமைந்தது. செருப்பில்லாத கால்கள், பூட்ஸ் சத்தம் கிடையாது. ஆனால் பின்னால் ஓடும் ஊர்வம்பை வைத்தே ஆதிமூலம் நடையைப் பிடித்துக்கொண்டார். பட்டை இல்லை, வில்லை இல்லை. மற்றபடி பழைய பதவி திரும்பக் கிடைத்துவிட்டது.

அதற்குத்தான் சக்கரபாணி வந்து உலை வைத்தார்.

சக்கரபாணி மின்வாரியத்தில் இருந்தவர். ஆதிமூலத்தைவிட வயதில் பத்து பன்னிரண்டு சின்னவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சக்கரம் வைத்து இழுக்கிற ஸ்பீக்கரோடு வந்து நின்றார். இடுப்பு உயரப் பெட்டி. முகத்தில் வட்டமாகக் கலர் விளக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா சார் இது, தேரா?" என்றார் ஆதிமூலம்.

"டிராலி ஸ்பீக்கர் டபேதாரே. பேஸ் கேட்டுப் பாருங்க. நெஞ்சுல இடிக்கும்."

"நெஞ்சுல இடிக்கறதுக்குப் பாட்டு எதுக்கு சார்? செங்கம் பஸ்ல ஏறுனா போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சக்கரபாணிக்குப் பின்னால் போனார்கள்.

சக்கரபாணி வைத்தது அவர் காலேஜ் படித்த காலத்துச் சினிமாப் பாட்டு. அது பாட்டே இல்லை, டின் தட்டுகிற சத்தம் என்பது ஆதிமூலத்தின் கட்சி. ஆதிமூலம் கேட்பது பாட்டில்லை, துக்க வீட்டு ஒப்பாரி என்பது சக்கரபாணியின் கட்சி. கவிநிலா கேட்பதைப் பற்றி மட்டும் இரண்டு கட்சிக்கும் கூட்டணி உண்டு: வாயில் பல்பொடியை வைத்துக்கொண்டு பாடுகிறான்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் இதே நியாயம்தான். அவரவருக்கு மீசை முளைத்த வருஷத்தோடு இசை செத்துப் போய்விட்டது. அதற்கப்புறம் கேட்பதெல்லாம் வெறும் சத்தம்.

சரி, பின்னால் போனவர்கள் இசைக் கொள்கைக்காகவா போனார்கள்? ஆதிமூலம் கண்ணாயிரத்தை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கோச்சிக்காத டபேதாரே. அவரு பெட்டில போன் சார்ஜ் ஏறுது."

"நீ இன்னாம்மா?"

"அது லைட்டு போடுதுண்ணா," என்றார் தங்கம்மாள். "குண்டும் குழியும் தெரியுது. போன மாசம் கால் கட்டை விரல் பேந்துபோச்சே, நீயா வந்து மருந்து போட்ட?"

கட்சி மாறுகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இவை யோக்கியமானவை. ஆனால் ஆதிமூலம் நேராக வீட்டுக்குப் போனார். சனி, ஞாயிறு லீவுக்கு மகள் வந்திருந்தாள்.

"கவி, எனக்குப் பெருசா ஒரு பெட்டி வோணும்," என்றார் மகளிடம். "அந்தாளு பெட்டிய விட ஜாஸ்தியா சவுண்டு வரணும்."

"கிளாரிட்டி பாத்து வாங்கலாம்பா."

"கிளாரிட்டின்னா இன்னா? எதிர்வூட்டுக்கு எட்டுனா அது கிளாரிட்டி."

"எட்டுதுப்பா. எப்பதான் நிறுத்துவாருன்னு நேத்து வந்து கேட்டுட்டுப் போனாங்க." அவள் தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே இரண்டு இயர்போன். ஒயர் கிடையாது. "மொதல்ல இத காதுல வெச்சிப் பாரு. வெளிச் சத்தத்த உள்ள விடாது."

வைத்தார். சமையலறையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தை மட்டும் யாரோ துடைத்தெடுத்துவிட்டார்கள். பிறகு மகள் அவருடைய போனிலிருந்தே அவருடைய பக்திப் பாட்டைப் போட்டாள். நாற்பது வருஷமாகக் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஸ்பீக்கரில் கேட்ட பாட்டு. ஆதிமூலம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பாட்டுக்குப் பின்னால் எங்கோ தூரத்தில் ஒரு ஜால்ரா ஒலித்துக்கொண்டிருந்தது. அது இருப்பதே அவருக்கு இத்தனை நாள் தெரியாது. சரணத்துக்கு முன்னால் பாடகர் மெல்ல மூச்சு இழுத்தார்.

"கவி! இவரு மூச்சு வாங்குறாருடி!"

"ஏம்பா கத்துற? பக்கத்துலதான நிக்கறேன்."

அடுத்த ஞாயிறு ஸ்பீக்கர் இல்லாமல், இயர்போனோடு மட்டும் போனார். கூட்டத்தின் கடைசி ஆளாக நடந்தார். இப்படி ஒரு சமாச்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியுமா? கண்ணாயிரத்தைப் பிடித்து நிறுத்தி, ஒன்றைக் கழற்றி அவர் காதில் சொருகினார்.

"கேளுய்யா. இப்ப வரும் பாரு... மூச்சு. கேட்டுச்சா?"

கண்ணாயிரம் தலையைச் சாய்த்து யோசித்தார். "கேட்டுச்சு. ஆனா இதுல இன்னா பிரயோசனம் டபேதாரே? நமக்கு மட்டும் கேட்டா, நாம பாட்டு கேக்குறோம்னு ஊருக்கு எப்பிடித் தெரியும்?"

இயர்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சார்ஜ் ஏற்றப் போய்விட்டார். ஆதிமூலத்துக்கு அந்தக் கேள்வியில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நல்ல பாட்டு காதுக்குள் இருந்தது. பின்னால்தான் ஆள் இல்லை. கிரிவலப் பாதை முழுக்க யோசித்தார். கடைசியில், ஊரில் தலைவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் அதே வழியைத் தானும் கண்டுபிடித்தார்: நல்லது நமக்கு, சத்தம் சனங்களுக்கு.

பெரிய பெட்டி வந்தது. உயரம் பாதிதான், ஆனால் சக்கரபாணியின் பெட்டியைவிடச் சத்தம் ஜாஸ்தி, விளக்கு ஜாஸ்தி, சார்ஜ் போடும் ஓட்டைகளும் ஜாஸ்தி. கையில் பிடிக்க ஒரு சின்ன ரிமோட். அதற்குக் கவிநிலா ஒரு பென் டிரைவில் குத்துப் பாட்டு, கும்மிப் பாட்டு, எல்லோருக்கும் எல்லாமும் ஏற்றிக் கொடுத்தாள். பெட்டியை இழுத்துக்கொண்டு போவது கௌரவமாகப் படவில்லை. மகளுடைய பழைய காலேஜ் பையில் ஜன்னல் வெட்டி, பெட்டியின் வாய் பின்பக்கம் பார்க்கும்படி வைத்து முதுகில் மாட்டிக்கொண்டார். பாட்டு பின்னால் வருகிறவர்களுக்குத்தானே? காதில் இயர்போன். அதில் போனிலிருந்து அவருடைய சொந்தப் பாட்டு.

அந்த ஞாயிறு கண்ணாயிரம் முதல் ஆளாக வந்து, தன் போனை ஒயரில் பையோடு இணைத்துக்கொண்டார். பசுவின் பின்னால் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி அவர் ஒட்டி நடக்க, வெளிச்சத்துக்காகத் தங்கம்மாளும் நாத்தனார் குடும்பமும் வந்தார்கள். தன் பெட்டியின் சத்தம் தனக்கே கேட்காததால் சக்கரபாணியும் அதை அணைத்துவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். முன்னால் ஆதிமூலம். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. சிவப்புப் பட்டை ஒன்றுதான் குறை.

ஒரே ஒரு சந்தேகம். முதுகுப் பெட்டி பாடுகிறதா இல்லையா? அவர் காதுக்கு ஒன்றும் வரவில்லை. ரிமோட்டில் கொஞ்சம் கூட்டினார். அப்போதும் வரவில்லை. இன்னும் கூட்டினார்.

"டபேதாரே, கம்மி பண்ணுய்யா!" என்றார் கண்ணாயிரம். அந்த நேரம் ஆதிமூலத்தின் காதில் ஜால்ரா ஒலித்துக்கொண்டிருந்தது. கண்ணாயிரத்தின் கத்தல் ஏதோ கொசு ரீங்காரம் மாதிரி இருக்கவே, பெட்டி மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு முறை அமுக்கினார்.

ரமணாசிரமத்தைத் தாண்டும்போது ஒரு காபிக் கடை வாசலில் வெள்ளைக்காரர் ஒருவர் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு, முட்டி மடங்க நின்றார். பாவம், யாரோ தோப்புக்கரணம் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், கையை மாற்றிப் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்த ஆதிமூலம், போகிற போக்கில் ஆசீர்வாதமாக ஒரு கையைத் தூக்கினார்.

கண்ணாயிரம் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு நின்றுவிட்டார். போன் பாதிதான் ஏறியிருந்தது. காது அதைவிட முக்கியம்.

"ஓடிப் போயி அவர நிறுத்துங்களேன்," என்றார் தங்கம்மாள்.

"கிட்ட யாரும்மா போறது? நீ போறியா?"

"ஐயோ, நான் மாட்டேன்."

"வுடுங்க," என்றார் சக்கரபாணி. "எப்பனா திரும்பிப் பாப்பாரு இல்ல, அப்பக் கை காட்டலாம்."

கண்ணாயிரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், அவரு டபேதாரு."

ஐந்து பேரும் மரத்தடித் திண்டில் உட்கார்ந்து, டிராலிப் பெட்டியில் சத்தம் குறைவாக ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டார்கள். கண்ணாயிரத்தின் போன் மறுபடி சார்ஜ் ஏற ஆரம்பித்தது.

அடி அண்ணாமலையில் எல்லம்மாளின் டீக்கடை. வாரா வாரம் எல்லோரும் டீ குடிக்கும் இடம். ஆதிமூலம் வந்து நின்று, முன்னால் மலையைப் பார்த்தபடி ஒரு கையும் ஒரு விரலும் காட்டினார். ஆறு டீ.

எல்லம்மாள் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நீண்டு கிடந்த காலி ரோட்டைப் பார்த்தாள். காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். "யாருக்குண்ணா ஆறு? உன் பின்னால ஒரு நாயி கூட இல்லியே!"

உதடு அசைவது தெரிந்தது. பாட்டைப் புகழ்கிறாள் என்று ஆதிமூலத்துக்குப் புரிந்தது.

"பென் டிரைவு. பொண்ணு ஏத்திக் குடுத்துச்சி," என்றார் பெருமையாக.

அவள் தலையில் அடித்துக்கொண்டு ஆறு டீ போட்டாள். ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஐந்தை அவருக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் வரிசையாக வைத்தாள். ஆதிமூலம் ஊதி ஊதிக் குடித்தார். காதுக்குள் பாடகர் சரணத்துக்காக மூச்சு இழுத்தார். பின்னால் எல்லோரும் டீ குடிக்கட்டும், அவசரமில்லை என்று அவர் பொறுமையாக நின்றார். பெஞ்சில் ஐந்து டீயிலும் ஆடை படிந்துகொண்டிருந்தது.