அக்காவின் குடகு அம்மா

என் அக்கா சினிமாவில் கதாநாயகியாக இருந்த கொஞ்ச வருஷத்தில் எங்கள் குடும்பம் இந்தியா முழுக்கக் குடிபெயர்ந்தது. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸை விட்டு நாங்கள் ஒரு அடி நகரவில்லை, அது வேறு விஷயம். தெலுங்குப் பத்திரிகையில் எங்கள் பூர்வீகம் ராஜமுந்திரி. மலையாளத்தில் பாலக்காடு. இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று என் அப்பாவின் உடம்பில் போர்ச்சுகீசிய ரத்தம் ஓடுவதாக எழுதிவிட்டது. அதை நான் தமிழில் படித்துச் சொன்னதும் நைனா சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். "எங்கடி ஓடுது? எனுக்கு ஒண்ணும் தெரியலியே" என்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார்.

இத்தனை ஊரையும் எங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர் அக்காவின் மேனேஜர். வெள்ளை பேண்ட், வெள்ளைச் செருப்பு, நாலு வீடு தள்ளியே தெரிகிற ஜவ்வாது வாசனை. கோடம்பாக்கத்தில் கதாநாயகிக்குக் கால்ஷீட் பார்க்க ஒரு ஆள் வேண்டும். இவர் கால்ஷீட்டோடு சேர்த்து வம்சத்தையும் பார்த்துக்கொண்டார். கதாநாயகி பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து வந்து தொலைக்கக் கூடாது என்பது அவர் சித்தாந்தம். அதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. அக்கா படத்தைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் வாசலிலேயே நின்று, "ஆயிரம் சொல்லு, பம்பாய்க்காரி கலரு வருமா?" என்று கேட்டவர்கள் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே இருந்தார்கள்.

உண்மையில் எங்கள் கதை மேனேஜர் கட்டிய கதைகளை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நைனாவின் அப்பா சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், கல் உடைக்க வந்தவர். நைனாவின் அம்மா பூந்தமல்லியில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண். இரண்டு பேரும் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள், எப்படி ஓடினார்கள் என்பதற்குச் சொந்தத்தில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். என் அம்மா பிறந்ததோ ரங்கூனில். அவள் அப்பா ராமநாதபுரத்திலிருந்து அங்கே அரிசி மில் வேலைக்குப் போனவர், அவள் அம்மா அசல் பர்மாக்காரி. இந்தியர்களெல்லாம் மூட்டை கட்டுங்கள் என்று அங்கே கெடுபிடி வந்தபோது அப்பாவும் மகளும் கப்பலேறினார்கள். பர்மாக்காரி துறைமுகத்தோடு நின்றுவிட்டாள். அதற்கப்புறம் அம்மா தன் அம்மாவைப் பார்க்கவே இல்லை. இப்படி வந்து சேர்ந்த எங்கள் நாலு பேரையும் ரேஷன் அரிசி மாதிரி முறத்தில் போட்டுப் புடைத்தால் என்னென்ன தேறும் என்று எங்களுக்கே தெரியாது.

அம்மாவுக்குச் சின்னக் கண், தூக்கிய கன்ன எலும்பு, அழுத்தி வைத்த மூக்கு. தண்ணீர் லாரி வரிசையில் "ஏ சப்ப மூக்கு, உன் கொடத்த நவுத்து" என்றுதான் கூப்பிடுவார்கள். அதே முகம் அக்காவுக்கு வந்து, அதன் மேல் லைட் விழுந்ததும் "வித்தியாசமான அழகு" ஆகிவிட்டது. எனக்கும் அதே முகம்தான். லைட்டுதான் விழவில்லை.

தினமும் குளித்ததும் அம்மா தனாக்கா பூசுவாள். அது ஒரு மரக்கட்டை. கல்லில் தண்ணீர் விட்டுச் சந்தனம் மாதிரி இழைத்தால் வெளிர் மஞ்சளாக ஒரு குழம்பு வரும். பர்மாவில் எல்லாப் பெண்களும் பூசுவார்களாம். பர்மா பஜாரில் சொல்லி வைத்து அந்தக் கட்டையை வாங்கி வருவாள். இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசி அது காய்ந்ததும், பட்டி பார்த்துவிட்டுப் பெயிண்ட் அடிக்க மறந்த சுவர் மாதிரி இருக்கும். அக்காவையும் என்னையும் குழந்தையிலிருந்து அதைப் பூசித்தான் வளர்த்தாள். அக்காவின் மேனி பளபளப்புக்குப் பாதாம், குங்குமப்பூ, கழுதைப் பால் என்று பத்திரிகைகள் எழுதியதெல்லாம் இந்தக் கட்டையைத்தான்.

ஒரு வார இதழ் நடிகைகளை அவர்களுடைய அம்மாக்களோடு சேர்த்துப் படம் பிடித்துப் போட ஆரம்பித்தது. அக்காவின் முறை வந்தபோது மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்து, காபியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்கக் கூடாதும்மா. பத்திரிகைல உங்களைக் குடகுன்னு சொல்லிட்டேன். குடகுல காபி எஸ்டேட், நல்ல குடும்பம். ஜனங்க மனசுல அந்த அம்மாவுக்குன்னு ஒரு முகம் இருக்கும்."

"பர்மான்னே சொல்லுங்களேன் சார்" என்றாள் அம்மா.

"பர்மான்னா பஜார்தாம்மா ஞாபகம் வரும். டேப்ரெக்கார்டர், குடை, ஃபாரின் செண்ட்டு. பொண்ணைக் கஸ்டம்ஸ்ல புடிச்ச மாதிரி ஆயிடும்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "ஒரு நாளுதானேம்மா" என்றாள் அக்கா, நகத்தை ஊதியபடி. எனக்கு அந்தப் பாலிஷ் பாட்டிலைப் பிடுங்கித் தெருவில் வீச வேண்டும் போலிருந்தது.

அங்கேயே எங்களுக்கு வேஷம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அம்மா வேஷத்துக்குப் படங்களில் அம்மாவாக நடிக்கிற ஒரு நடிகை. நான் அக்காவுக்கு டச்சப் போடுகிற பெண். நைனா ராணுவத்தில் மேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். நைனா சண்டைக்குப் போவார் என்று பார்த்தேன். பாதி ஆயுசை ஃபேக்டரியில் ராணுவ டாங்கிக்கு அடியில் படுத்தே கழித்த ஃபிட்டர் அவர். மேஜர் என்ற வார்த்தையைக் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. "கோட்டு ஒண்ணு ஏற்பாடு பண்ணிடுங்க சார்" என்றார். அம்மாவை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள்.

"அப்ப எம் பொண்ணுக்கு சோறு யாரு போடுவா?" என்றாள் அம்மா. அக்கா வெளிச்சாப்பாடு தொட மாட்டாள் என்பது மேனேஜருக்கும் தெரியும். சமையல்காரியாக வரலாம் என்று இறங்கி வந்தார், அந்த மஞ்சளைக் கழுவிவிட்டு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. போகிற போக்கில், மகளைப் பற்றி உருக்கமாக ஒரு சம்பவம் வேண்டும் என்று அம்மாவிடமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அம்மா சொன்னது எங்களுக்கெல்லாம் மனப்பாடமான கதை. அக்கா கைக்குழந்தை. நல்ல மழை. நைனா ஷிஃப்டில் இருக்கிறார். ஜுரம் ஏறிக் குழந்தைக்கு ஜன்னி கண்டுவிட்டது. அம்மா அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு பருத்திப்பட்டு ஏரிக்கரை மேலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். வழி கேட்கக்கூட அப்போது அவளுக்கு நம்மூர்த் தமிழ் சரியாக வராது. அவள் முகத்தைப் பார்த்தவர்கள் யார் குழந்தையையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று துரத்தினார்கள். துரத்தி வந்தவர்களே கடைசியில் குழந்தையின் நிலைமையைப் பார்த்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள்.

பேட்டி நூம்பலில், தயாரிப்பாளரின் மச்சானுடைய பங்களாவில். சுற்றிலும் மாந்தோப்பு, உள்ளே சோபா, சுவரில் யாரோ சுட்ட மான் தலை. அம்மா காரிலிருந்து இறங்கியபோது மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தனாக்காவை அப்பியிருந்தாள்.

"இன்னாம்மா இது?" என்று அவருக்கே மெட்ராஸ் பாஷை வந்துவிட்டது.

"வெயிலு" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

வாடகை அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். தாட்டியான உடம்பு, எலுமிச்சை நிறம், தோளில் ஒரு நரை டோப்பா வைத்த பை. "நான் இந்துவா, கிறிஸ்டியனா? புருஷன் இருக்காரா, போயிட்டாரா?" என்று கேட்டார். பொட்டு வைப்பதா வேண்டாமா என்று தெரிய வேண்டுமே. இருக்கிறார், மேஜர் என்று கோட்டு போட்ட நைனாவைக் காட்டினார்கள். நைனாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, சமாளிச்சுக்கலாம்" என்றார். குடகில் புடவைக் கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டுவார்கள் என்று அவருக்கு எங்கோ கேட்ட ஞாபகம். அப்படியே கட்டிக்கொண்டு சோபாவில் சாய முடியாமல், பேட்டி முழுக்க முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தார். அதை நிருபர் பணிவு என்று எடுத்துக்கொண்டார். புகைப்படக்காரர் பாவம், இரண்டு முகத்தையும் பொருத்தப் பார்த்துத் தோற்றுப்போய், "ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம் பாருங்க" என்றார்.

அப்புறம் அந்தச் சம்பவம். ஏரிக்கரை காபித் தோட்டம் ஆகியிருந்தது. ஜீப் பழுது. வழியில் யானை. யானை மேனேஜரின் சொந்தச் சரக்கு. ஆனால் அந்த அம்மாளுக்குத் தொழில் தெரியும். "என் தங்கத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடினேன்" என்று ஆரம்பித்தபோது ஒரு கண்ணில் தண்ணீர் வந்தது. மற்ற கண்ணை முடிவுக்கு என்று வைத்திருந்தார். நிருபர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மேஜர் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தார். அக்கா மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சமையலறைப் பக்கம் திரும்பினேன். கதவருகே அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கண்ணீர் தனாக்காவில் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

நிருபரும் பார்த்துவிட்டார். "அவங்க யாரு? அவங்களும் அழறாங்களே?"

"வேலை செய்றவங்க சார், இளகின மனசு" என்று மேனேஜர் முந்திக்கொண்டார். நிருபர் அவரை விட்டுவிட்டு அக்காவைக் கேட்டார். "ரொம்ப நாளா உங்ககூட இருக்காங்களா?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். நான் பவுடர் பஃப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசுக்குள் கத்தினேன். படம் போனால் போகட்டும், குடகு போனால் மயிரே போச்சு.

"ஆமா சார். நான் பொறந்ததுலேர்ந்து இருக்காங்க. சமையல் செய்றவங்க."

"முகத்துல என்ன?"

"ஏதோ அலர்ஜி."

அக்காவுக்கு டச்சப் செய்கிற சாக்கில் பஃப்பை அவள் மூக்கில் ஓங்கி ஒரு அறை அறைந்தேன். அவள் தும்மினாள். வேலைக்காரர்கள்கூட மனம் கலங்கும் குடும்பம் என்று நிருபர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

பேட்டி முடிந்ததும் அம்மா எல்லோருக்கும் அத்தோ பரிமாறினாள். நூடுல்ஸில் புளித்தண்ணீரும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையால் பிசைகிற பர்மா சாப்பாடு. குடகுச் சாப்பாடு பிரமாதம் என்று நிருபர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். வாடகை அம்மா சமையலறைக்கே போய்த் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். "எப்படிக்கா பண்ணேன்?" என்று அம்மாவைக் கேட்டார். அது யார் கதை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"நல்லா அழுத. யானதான் வாணாம். மழையே போதும்" என்றாள் அம்மா, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் வெங்காயம் போட்டபடி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தோம். நைனா கோட்டைக் கழற்ற மனசில்லாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மேக்கப்பைக் கலைத்துவிட்டு நைட்டியோடு தரையில் உட்கார்ந்தாள். பங்களாவில் அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. அம்மா மிச்சமிருந்த அத்தோவை அவள் தட்டில் போட்டாள். திட்டட்டும், நாலு அறை விடட்டும் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லு" என்றாள் அம்மா.

"மேனேஜர்தாம்மா..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"அத்த உடு. சமையல்காரின்னது, அலர்ஜின்னது, அதெல்லாம் உன் பொழப்பு. அந்தம்மா என்னிய மாரி ஓடிக் காட்டி அழுதுச்சே. யாரு பெத்த புள்ளையோ, அதுக்குக் கண்ணுல தண்ணி வருது. பேப்பர்காரன் எழுதறத நிறுத்திட்டான். உங்க நைனா மூக்க சிந்துறாரு. செத்துப் பொழச்சவ நீ. நீ மட்டும் கல்லு மாரி குந்திகினு இருந்தியே, ஏன்டி?"

அக்காவின் முகம் கோணிக்கொண்டது. எந்தப் படத்திலும் அவள் அப்படி அழுததில்லை. வாய் திறந்து, மூக்கு ஒழுக, பார்க்கச் சகிக்காத அழுகை.

"அழுதிருந்தா உன்ன பாத்துத்தாம்மா அழுதிருப்பேன்" என்றாள்.

அம்மா முந்தானையை எடுத்து அவள் மூக்கைத் துடைத்தாள்.

"அழுதிருக்க வேண்டியதுதானேடி" என்றாள்.