கெண்டைக்காலின் தனி ஆட்டம்

மகளுக்கு ஒரு வயது முடிந்த மழைக்காலத்தில் என் இடது கெண்டைக்கால் துடிக்கத் தொடங்கியது. வலியில்லை, வீக்கமில்லை. தோலுக்கடியில் ஒரு புழு நெளிவதுபோல, தனக்குத் தோன்றியபோது துடிக்கும், தோன்றியபோது நிற்கும். வீட்டில் யாரையும் கேட்காமல் நடந்துகொள்ளும் சுதந்திரம் என் உடம்பில் அந்த ஒரு தசைக்குத்தான் வாய்த்திருந்தது.

படித்தவளாயிற்றே, போனில் தேடினேன். லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடைப்பது அபூர்வம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த அன்று ஒரு கோடுகூட இல்லை. கெட்ட செய்தி என்றதும் எல்லாக் கோடுகளும் எழுந்து நின்றன. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் ஒரு நோய்க்குத் தசைத் துடிப்பும் ஓர் அறிகுறியாம். பெரும்பாலோருக்கு இது ஒன்றுமில்லை என்றும் அதே பக்கத்தில் இருந்தது. பொறுப்பில்லாத யாரோ எழுதியது என்று அதைத் தள்ளிவிட்டு, நான் போனபின் மகளை யார் வளர்ப்பது என்று யோசிக்க உட்கார்ந்தேன். கணவர் கொழும்பில் கடை வேலை. லீவுக்கு வந்தால் பிள்ளையை விருந்தாளியைப்போலத் தூக்குவார். மாமியார் விடிந்தால் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவார்.

மாமியாரிடம் துடிப்பை மட்டும் சொன்னேன்.

"காலு துடிச்சா பயணம் வரும்."

"எங்கங்க அத்தை?"

"அது காலுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரிந்த பயணம் ஒன்றே ஒன்றுதான். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியாரும் வந்தார்.

டொக்டர் சிங்களவர், தமிழைக் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். முழங்காலைத் தட்டினார். குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார். பரேடு முடிந்ததும் கேட்டார்:

"கோப்பி குடிக்கிறதா?"

"இல்லை டொக்டர்."

"எங்க வூட்டுல அந்தப் பழக்கமே கெடையாதுங்க," என்றார் மாமியார், குடும்ப மானத்தைக் காப்பாற்றும் குரலில்.

"அப்போ தேத்தண்ணி?"

நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மூச்சு விடுவீர்களா என்று கேட்டதுபோல் இருந்தது. எழுந்ததும் ஒன்று, மாமியார் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் அவரோடு ஒன்று, யார் வந்தாலும் ஒன்று, பிள்ளை தூங்கினால் ஒன்று. இந்தக் கால் துடித்ததிலிருந்து, பயம் தெளிய ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்று. எல்லாம் பால் விடாத கடுஞ்சாயம்.

"அதுல என்னாங்க இருக்கு, வெறும் தண்ணிதானுங்களே!" என்றார் மாமியார்.

"அம்மா, அந்த வெறும் தண்ணிக்குத்தானே நீங்க மலை ஏறுறது?"

மாமியார் பேச்சில் தோற்று, பிள்ளையின் மூக்கைத் துடைக்கத் தொடங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கொடுத்த பயத்துக்கு என் கால் செய்த ஒரே நன்மை அது.

"கால்ல பலம் நல்லா இருக்கு. பயப்பட ஒண்ணும் தெரியல்ல. தேத்தண்ணியா, தூக்கம் இல்லாததா, பயமா, சரியா சொல்ல ஏலாது. தேத்தண்ணி குறைங்க, நல்லா தூங்குங்க, பயப்பட வேணாம்," என்றார் டொக்டர். ஒரு வயதுப் பிள்ளையின் தாயிடம்.

அவரை முழுமையாக நம்பினேன், திரும்பும் வழியில் பஸ் தலவாக்கலையைத் தாண்டும்வரை.

தேத்தண்ணியைக் குறைத்தேன். தலைவலி வந்தது, அதற்கு போனில் என்ன போட்டிருக்கும் என்று பார்க்காமல் இருந்தது என் வாழ்வின் பெரிய சாதனை. துடிப்பு குறைந்தது, ஆனால் முற்றாகப் போய்விடவில்லை. அது வரும் நாட்களில், மாமியார் மலைக்குப் போனபின் கதவைச் சாத்திவிட்டு, வாசலிலிருந்து அடுப்பங்கரைவரை குதிகாலால் நடந்து பார்க்கிறேன். கால் தாங்குகிறது. இந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்க்க இது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, இன்னொரு தடவை நடக்கிறேன்.